தொண்ணூற்று மூன்றாவது பெயர்

“…நெடுவயலோட இருந்தப்பவும் நாங்கதான் கடைசி. இப்பத் தனி ஊராட்சி ஆயாச்சு, நம்ம ஊரு நம்ம கையிலன்னு மைக்குல சொல்றீங்க. இதுலயும் நான் கடைசியிலதான் எழுதணும்னா, பிரிஞ்சு வந்து என்னதான் மாறிச்சு கிளார்க்கண்ணே?”

பூமயில் இதைக் கேட்டுவிட்டு, என் பேனாவை மூடி, கையெழுத்துப் போட வேண்டிய பதிவேட்டின்மேல் குறுக்காக வைத்தாள். அவளுக்குப் பின்னால் மீன் ஏலக் கொட்டகை நிறையப் பெண்கள். எல்லாரையும் கூட்டிக்கொண்டு வந்தவளே அவள்தான். அவள் போடாவிட்டால் ஒருத்தியும் போடப்போவதில்லை. அவர்கள் போடாவிட்டால் கிராம சபை செல்லாது. சபை செல்லாவிட்டால் சங்குமேட்டுக்குக் குடிதண்ணீர்த் தொட்டி இல்லை. திட்டத்துக்கான ஊர்ப் பட்டியல் இன்னும் இரண்டு நாளில் தஞ்சாவூருக்குப் போகிறது.

நான் ஊராட்சி செயலராக இருந்து ஓய்வு பெற்றவன். போன மாதம் எனக்கு ஒரு தொலைபேசி வந்தது. பேராவூரணிப் பக்கம் ஒரு தென்னந்தோப்புக் கிராமம் தன் பெரிய ஊராட்சியிலிருந்து பிரியப்போகிறதாம். அங்கே புதிதாகச் சேர்ந்திருக்கும் செயலர், “அண்ணே, நீங்க பிரிஞ்ச ஊர்ல வேலை பாத்தவரு. பிரிஞ்ச உடனே முதல்ல என்ன செய்யணும்?” என்று கேட்டார். முத்திரை, பதிவேடு, வங்கிக் கணக்கு என்று வரிசையாகச் சொல்லியிருக்கலாம். அதெல்லாம் சுற்றறிக்கையிலேயே இருக்கிறது. சுற்றறிக்கையில் இல்லாதது ஒன்று இருந்தது. அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

பத்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. நெடுவயல் ஊராட்சியில் தண்ணீர் மோட்டார் போடுகிறவனாகச் சேர்ந்தேன். மோட்டார் ஓடும் நேரத்தில் மோட்டார் கொட்டகையில் உட்கார்ந்து, அலுவலகத்தில் கழித்துப் போட்ட அரசாணைகளைப் படிப்பேன். புரியாததை மூன்று தடவை படிப்பேன். அப்படியே எழுத்து வேலைக்கு வந்து செயலர் ஆனேன். இன்னொரு பழக்கமும் அங்கேதான் வந்தது. ஜனங்கள் பேசுவதில் நல்லதாக ஒன்று காதில் விழுந்தால் டைரியின் பின்பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்வேன். சொன்னவர் பெயரோடு. இப்போதும் இருபது டைரி இருக்கிறது. முன்பக்கங்களை நான் திருப்பிப் பார்ப்பதில்லை. பின்பக்கங்களைத்தான் பார்ப்பேன்.

நெடுவயல் நெல் ஊர். குறுவை, சம்பா, வாய்க்கால், முறைப்பாசனம் என்றுதான் அங்கே நாள் ஓடும். சங்குமேடு அதே ஊராட்சியின் கடைசி வார்டு. அதிராம்பட்டினத்துக்குக் கிழக்கே கடலை ஒட்டி இருக்கும் மீனவர் குடியிருப்பு. நெடுவயலின் தொட்டியிலிருந்து நான்கு கிலோமீட்டர் குழாய் சங்குமேட்டுக்குப் போனது. நெடுவயலில் எல்லார் வீட்டிலும் குழாயை மூடிய பிறகு மிச்சம் இருந்தால் இங்கே சொட்டும். ஊர்க்கிணறு உப்பு. “தண்ணி வருதான்னு கேக்காதீங்க சார், குழாய் இருக்கான்னு கேளுங்க, அதுக்குப் பதில் இருக்கு” என்று ஒரு வலைக்காரர் சொன்னது என் டைரியில் இருக்கிறது.

நெடுவயல்காரர்கள் கெட்டவர்கள் இல்லை. காவிரியில் கடைமடையாக இருந்து தண்ணீருக்குத் தவமிருந்தவர்கள்தான் அவர்களும். ஆனால் தனக்குக் கீழே இன்னொரு கடைமடை இருப்பதை அவர்கள் திரும்பிப் பார்த்ததில்லை. கிராம சபை எப்போதும் நெடுவயலில், காலை பதினொரு மணிக்கு. அந்நேரம் சங்குமேட்டு ஆண்கள் கரையேறி வலையைப் பிரித்துக்கொண்டிருப்பார்கள், பெண்கள் பட்டுக்கோட்டைச் சந்தையில் மீன் விற்றுக்கொண்டிருப்பார்கள். வராதவர்களுக்குத் தீர்மானமும் வராது.

அதனால் பிரிய வேண்டும் என்று கேட்டார்கள். மனு, ஊர்வலம், சாலை மறியல் என்று பல வருடம் கேட்டார்கள். ஒரு நாள் ஆணை வந்துவிட்டது. பிரிவினையின்போது நெடுவயல் தலைவர் என்னைக் கூப்பிட்டு, “நீயும் அவங்களோட போறியாமே? போ, போ. பீரோவுல ஒண்ணை எடுத்துக்க. ஆனா குழாய் என்ன பாவம் பண்ணிச்சு? அது எங்க தொட்டியில பொறந்தது. புதுத் திட்டம் வர்ற வரைக்கும் தண்ணி விடுறோம், அதுக்கப்புறம் உங்க வழிய நீங்க பாத்துக்கங்க” என்றார். அந்த பீரோவோடு சாவி வரவில்லை. பத்து நாள் கழித்து அவர் வீட்டுத் தேங்காய் அறையில் கிடைத்தது.

தனி ஊராட்சி ஆன முதல் வாரம் வேடிக்கையாக இருந்தது. தெருவிளக்கு எரியவில்லை என்று நாலு பேர் கோபமாக வந்தார்கள். வந்து நின்று, “இப்ப யாரைத் திட்டுறது?” என்று என்னையே கேட்டார்கள். இத்தனை வருடமும் நெடுவயலைத் திட்டிப் பழகிய வாய். திட்டுவதற்கு அங்கே ஓர் ஊர் இருந்தது. இப்போது திரும்பிப் பார்த்தால் நம்மைத் தவிர யாரும் இல்லை. சிங்காரவேலு சிரித்துக்கொண்டே, “இனிமே கண்ணாடியப் பாத்துத்தான் திட்டணும்டா” என்றார். தனி ஆட்சி என்பது என்ன என்று எனக்கு முதலில் புரிந்தது அந்தப் பேச்சில்தான்.

சிங்காரவேலு யார் என்று சொல்ல வேண்டும். கடற்கரை ஊர்களில் அரசாங்க ஊராட்சி ஒரு பக்கம் இருக்க, ஊர்ப் பஞ்சாயத்து என்று ஒன்று பரம்பரையாக உண்டு. கோயில் திருவிழா, எந்த வலை போடலாம், எந்த நாள் கடலுக்குப் போகக்கூடாது, இரண்டு வீட்டுச் சண்டை எல்லாவற்றையும் அதுதான் தீர்க்கும். அதன் தலைவர் சிங்காரவேலு. அதில் ஊரை எண்ணுவது தலைக்கட்டுக் கணக்கில். கல்யாணமான ஓர் ஆண், ஒரு குடும்பம், அது ஒரு தலைக்கட்டு. சங்குமேட்டில் தொண்ணூற்றேழு தலைக்கட்டு. ஆண் செத்துப்போய், மகனும் இல்லாத வீடு தலைக்கட்டுக் கணக்கிலிருந்து உதிர்ந்துவிடும். அந்த வீட்டில் ஆள் இருப்பார்கள், அடுப்பு எரியும். கணக்கில் மட்டும் இருக்காது.

தேர்தல் நடக்கும்வரை எங்களுக்குத் தனி அலுவலராக வட்டார வளர்ச்சி அலுவலர் கௌசல்யா மேடத்தைப் போட்டிருந்தார்கள். அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. எந்தக் கோப்பையும் உட்கார்ந்து மனதுக்குள் படிக்க மாட்டார். எழுந்து ஜன்னல் ஓரம் போய், வாய்விட்டுப் படிப்பார், கூட்டத்தில் வாசிக்கிற மாதிரி. ‘மேற்படி பொருள் தொடர்பாக ஆவன செய்ய’ என்று எழுதியிருந்தால் அங்கே நிறுத்தி, என் முகத்தைப் பார்ப்பார். “இதை ஒரு மீன்காரம்மாகிட்ட சொன்னா என்ன புரியும்?” என்பார். நான் திருத்தி எழுதுவேன். திரும்பவும் வாய்விட்டுப் படிப்பார். அவர் குரல் தடங்கல் இல்லாமல் கடைசிவரை போய்விட்டால் கையெழுத்து. ஒருநாளும் கோபப்பட்டதில்லை. ‘முடியாது’ என்ற வார்த்தையையும் அவர் வாயில் நான் கேட்டதில்லை. நோட்டை மூடி, அட்டை கீழே இருக்கும்படி திருப்பி வைத்தாரென்றால் முடியாது என்று அர்த்தம்.

எங்கள் முதல் கிராம சபை சுதந்திர தினத்தன்று. கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் சங்குமேட்டுக்கென்று ஒரு மேல்நிலைத் தொட்டி வேண்டும் என்பதுதான் தீர்மானம். மேடத்துக்கு அன்று பல ஊர்களைக் கவனிக்க வேண்டியிருந்ததால் எங்கள் ஊருக்கு வர முடியவில்லை. கோயில் வாசலில் பந்தல் போட்டோம். கடலுக்குப் போகாமல் ஆண்கள் எல்லாரும் வெள்ளை வேட்டியில் வந்துவிட்டார்கள். வெளிநாட்டில் இருக்கும் ஐந்து பேரைத் தவிர அத்தனை தலைக்கட்டும் ஆஜர். அப்படியொரு கூட்டத்தை நெடுவயலில் நான் பார்த்ததே இல்லை.

பந்தலுக்கு வெளியே, ஏற்றி வைத்த படகின் நிழலில், சந்தைக்குப் போகாத சில பெண்கள் நின்றார்கள். கோயில் வாசல் கூட்டத்தில் பெண்கள் உட்காரும் வழக்கம் இல்லை. பூமயில் கூடையோடு நின்றவள் என்னைக் கூப்பிட்டாள்.

“கிளார்க்கண்ணே, உள்ள என்ன பேசுறாங்க?”

“தண்ணிக்குத் தீர்மானம்மா.”

“தண்ணி தூக்குறவ எல்லாம் இங்க நிக்கிறோம். குடிக்கிறவங்க எல்லாம் அங்க உக்காந்திருக்காங்களே.”

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றைக்கே டைரியின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன். எழுதிக்கொண்டதோடு சரி.

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வருகைப் பதிவேட்டை மேடத்திடம் கொண்டுபோனேன். அவர் ஜன்னல் ஓரம் நின்று பெயர்களை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தார். தொண்ணூற்றிரண்டு பெயரும். படித்து முடித்துவிட்டு, “எத்தனை பேர் வந்தாங்க?” என்றார்.

“ஊரே வந்துச்சு மேடம்.”

“ஊர்ல ஐந்நூறு பேருக்கு மேல இருக்காங்க. சபை செல்லணும்னா கோரம் நூறு பேர். இதுல தொண்ணூத்திரண்டு.”

என்னோடு வந்திருந்த சிங்காரவேலு குறுக்கே புகுந்தார். “அம்மா, அது தலைக்கட்டு. ஒரு தலைக்கட்டு வந்தா அந்த வீடே வந்த மாதிரி.”

“சட்டத்துக்கு வீடு நடந்து வராதுங்க. ஆள்தான் வரும்.” மேடம் பதிவேட்டை இன்னொரு தடவை புரட்டினார். “ஒரு பொம்பளை பேரு கூட இல்லையே. உங்க ஊர்ல புள்ளைங்க எப்படிப் பொறக்குது?”

மேடம் நோட்டைத் திருப்பி வைக்கவில்லை. மூடி, என் கையில் கொடுத்தார். “நாளைக்குக் காலையில கொண்டாங்க” என்றார். அவ்வளவுதான்.

வெளியே டீக்கடையில் சிங்காரவேலு சொன்னார்: “எட்டுக் கையெழுத்துக்கா இந்தப் பாடு? எங்க வீட்டுலயே எட்டுப் பொம்பளைங்க இருக்கு. நீங்களே எழுதிடுங்க சார். யாரு கேக்கப் போறா? ஊருக்கு நல்லதுதானே?”

ஊருக்கு நல்லதுதான். அதை நான் மறுக்கவில்லை. நெடுவயலில் வேறு வேறு காலத்தில் இப்படி நடந்திருப்பதும் எனக்குத் தெரியும். டீக்கடை பெஞ்சில் பதிவேட்டை விரித்தேன். பேனாவை எடுத்து, 93 என்று எண் போட்டேன். யார் பெயரை எழுதலாம் என்று யோசித்தேன்.

ஒரு பெயரும் வரவில்லை.

சிங்காரவேலு பொண்டாட்டி, மாரிமுத்து அம்மா, ஐஸ்காரர் வீட்டம்மா, தெற்குத்தெரு ராமன் மருமகள். முகம் தெரியும், குரல் தெரியும், யார் எந்தச் சந்தையில் எங்கே உட்காருவாள் என்று தெரியும். பெயர் தெரியாது. இத்தனை வருடம் அந்தத் தெருக்களில் நடந்திருக்கிறேன். பொய்க் கையெழுத்துப் போடக்கூட எனக்கு ஒரு பெண்ணின் பெயர் தெரியவில்லை. தெரிந்த ஒரே பெயர் பூமயில். அவள் புருஷன் ஒரு புயலில் கடலோடு போனவன், மகனும் இல்லை. சொல்லிக் கூப்பிட ஓர் ஆண் இல்லாததால்தான் அவளை ஊர் அவள் பெயரிலேயே கூப்பிட்டது.

எனக்குக் காது சூடாகிவிட்டது. பேனாவை மூடினேன். “மாட்டேன் தலைவரே” என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் மேடம் பதிவேட்டைத் திறந்தார். கடைசிப் பக்கத்தில் விரலை வைத்தார். 93. பக்கத்தில் வெறும் இடம்.

“இந்தத் தொண்ணூத்தி மூணு யாரு?”

“தெரியல மேடம்.”

அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்புக்காக நான் இன்னும் பத்து வருடம் உழைத்திருப்பேன். “கண்டுபிடிங்க. சிறப்புக் கிராம சபை போடுறேன். பத்து நாள். அதுக்கு மேல பட்டியல் என் கையில இருக்காது” என்றார்.

சிறப்புச் சபைக்கு இடம் எது என்று பூமயிலிடம்தான் கேட்டேன். அவள் யோசிக்கவே இல்லை. “கோயில் வாசல்னா எவளும் வர மாட்டா. ஏலக் கொட்டகையில போடுங்க. அங்க நாங்க பேசினா ஆம்பளைங்க வாயத் திறக்க மாட்டாங்க. மூணரைக்கு மேல வைங்க, சந்தை போனவ எல்லாம் திரும்பிடுவா.” அப்படியே நோட்டீஸ் ஒட்டினேன்.

பிறகு ஒரு வாரம் வீடு வீடாகப் போனேன். பெயர் கேட்கப் போனேன் என்றால் யாரும் நம்பவில்லை. ஒரு பெரியவரிடம், “உங்க சம்சாரம் பேரு என்னங்க?” என்று கேட்டேன். அவர் எழுந்து, “இருங்க, உள்ள கேட்டுட்டு வர்றேன்” என்றார். உள்ளேயிருந்து அந்த அம்மாள், “நாப்பது வருஷமா ‘ஏய்’னு கூப்பிட்டா எப்படி ஞாபகம் இருக்கும்? அஞ்சலைன்னு சொல்லுங்க!” என்று கத்தினார். பூமயில் எனக்கு முன்னால் ஒவ்வொரு வாசலாகப் போய், “அக்கா, வெள்ளிக்கிழம மூணரை. குடத்த வச்சுட்டு வா, கைய மட்டும் கொண்டா” என்று சொல்லிக்கொண்டே வந்தாள். தெற்குத்தெருவில் அவள் குரலுக்குப் பின்னால்தான் நான் நடந்தேன்.

பட்டியல் தயாராகிவிட்டது. புதுப் பதிவேடு வாங்கி, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, என் வாழ்க்கையிலேயே அழகாக எழுதிய பதிவேடு அது. முதல் கட்டத்தில் குடும்பத் தலைவர் பெயர், அடுத்ததில் மனைவி பெயர், மகள், மருமகள், எதிரே கையெழுத்துக்கு இடம். தொண்ணூற்றேழு வீடு. ஒரு பெயர் பிழை இல்லை. என் பெருமைக்கு அளவே இல்லை.

வெள்ளிக்கிழமை மூன்றரைக்குக் கொட்டகை நிறைந்தது. சந்தையிலிருந்து நேராக வந்தவர்கள் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தார்கள். ஆண்கள் ஓரமாக, ஐஸ் பெட்டிப் பக்கம் நின்றார்கள். சிங்காரவேலுவும் வந்திருந்தார். மேடம் பிளாஸ்டிக் நாற்காலியில். நான் மைக்கில், “இது நம்ம ஊராட்சி, நம்ம ஊரு நம்ம கையில” என்று பேசிவிட்டு, “முதல்ல வந்து போடும்மா” என்று பூமயிலைக் கூப்பிட்டேன்.

அவள் பேனாவை வாங்கிக்கொண்டு பக்கத்தைத் திருப்பினாள். இன்னொரு பக்கம். இன்னொன்று. மெதுவாக எழுத்துக்கூட்டித் தேடிக்கொண்டே போனாள். நான்கு பக்கம் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. தலைக்கட்டுப் பட்டியலை எதிரே வைத்துக்கொண்டு அதன் வரிசையிலேயே எழுதியிருந்தேன். அதில் அவள் வீடு இல்லை. ஊரில் எனக்குப் பெயர் தெரிந்த ஒரே பெண்ணின் பெயர் என் பதிவேட்டில் இல்லை.

“கடைசிப் பக்கத்துல இடம் இருக்கும்மா, அங்க எழுதிக்க” என்றேன், மெல்லிய குரலில்.

அப்போதுதான் அவள் அதைக் கேட்டாள். நெடுவயலோடு இருந்தபோதும் கடைசி, இப்போதும் கடைசியா என்று. பேனாவை மூடி வைத்தாள். பின்னால் ஒரு கிழவி கூடையை நிமிர்த்திக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தாள்.

அதற்கு அப்புறம் என்ன ஆனது என்பது சங்குமேட்டுக்குப் போனால் தெரியும். கிழக்கு மேட்டில் தொட்டி நிற்கிறது. சபையில் நூற்று எண்பத்தாறு கையெழுத்து விழுந்தது. மேடம் பதிவேட்டைக் கொட்டகையிலேயே எழுந்து நின்று, மைக் இல்லாமல், வாய்விட்டுப் படித்தார். ஒவ்வொரு பெண் பெயருக்கும் ஒருத்தி “இருக்கேன்” என்றாள். அஞ்சலை என்று படித்தபோது அந்தப் பெரியவர் ஆண்கள் பக்கத்திலிருந்து, “அது எங்க வீட்டுல!” என்று கையைத் தூக்க, கொட்டகையே அதிரச் சிரித்தது. தண்ணீர் வந்த நாளில் நெடுவயல் தலைவரே மோட்டார் சைக்கிளில் வந்து ஒரு சொம்பு வாங்கிக் குடித்துவிட்டு, “எங்க தண்ணிய விட ருசியாத்தான் இருக்கு, பங்காளி” என்றார். ஊர்ப் பஞ்சாயத்தில் இன்றும் தலைக்கட்டுக் கணக்குத்தான். அது அவர்கள் கோயில், அவர்கள் வழக்கம். ஆனால் தண்ணீர், விளக்கு, சாலை என்று வந்துவிட்டால் கொட்டகையில் ஆளைத்தான் எண்ணுகிறார்கள்.

பேராவூரணிச் செயலர் தம்பிக்கு நான் தொலைபேசியில் சொன்னது, பேனா மூடி வைக்கப்பட்ட அந்த இரண்டு நிமிடத்தை மட்டும்தான்.

நான் மேடத்தைப் பார்த்தேன். அவர் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டுமென்றேதான். இது என் கையில் விடப்பட்டது என்று புரிந்தது. ஒரு வாரம் ஸ்கேல் வைத்து எழுதிய அந்தப் பதிவேட்டை மூடி, அட்டை கீழே இருக்கும்படி திருப்பி வைத்தேன். பையில் இருந்த இன்னொரு நோட்டை எடுத்தேன். எதுவும் எழுதாத முதல் பக்கத்தில் புது ஊராட்சியின் முத்திரையைக் குத்தினேன். கோடு போடவில்லை. குடும்பத் தலைவர் என்று எழுதவில்லை. 1 என்று மட்டும் போட்டு அவள் பக்கம் நகர்த்தி, “தப்பு என்னுதும்மா” என்றேன். “இதுல யாரு முன்னால வர்றாங்களோ அவங்கதான் ஒண்ணு.”

பூமயில் என்னை ஒரு தடவை பார்த்தாள். விரலில் ஒட்டியிருந்த மீன் செதிலை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். பேனாவைத் திறந்து, ஒவ்வோர் எழுத்தாக, அவசரமே இல்லாமல், தன் பெயரை எழுதினாள். கடல் காற்று பக்கத்தைத் தூக்கியது. அதை இடது உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து, ஐஸ் பெட்டிப் பக்கம் நின்ற சிங்காரவேலுவிடம் பேனாவை நீட்டினாள்.

“வாங்க மாமா, நீங்க ரெண்டு.”